முதுகுக்குப் பின்னால் விரல்கள்

ருக்குமணி மறுபடியும் தப்பான இடத்தில் போய் நின்றுகொண்டாள். புருஷன் தண்டபாணி பின்கோட்டில் சர்வ் போடத் தயாராக நிற்கிறார், அவளும் அவருக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும், எதிராளி திருப்பி அடிக்கும் பந்து ஒரு தடவை தரையில் குத்தி எழுந்த பிறகுதான் தொடலாம் என்பதால் முன்னால் போய் நிற்கிறவள் பந்து தன்னைத் தாண்டிப் போவதை வேடிக்கைதான் பார்க்கலாம், இதெல்லாம் பிக்கிள்பால் வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்த சங்கதி, சேர்ந்து அரை வருஷத்துக்கு மேல் ஆகிறது, இருந்தும் அவள் விறுவிறுவென்று வலைப்பக்கம் போய் அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். "ஆன்ட்டீ, பின்னாடி வாங்க, அங்கிள் சர்வ் போடறாரு," என்று ஓரத்திலிருந்து ஷெரின் குரல் கொடுத்தாள். ஷெரின்தான் இந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் கோச், ஒரு காலத்தில் மாவட்ட அணியில் டேபிள் டென்னிஸ் ஆடிய பெண், சீந்துவாரில்லாமல் கிடந்த டென்னிஸ் மைதானத்துக்கு நீலச் சாயம் அடித்து இரண்டு சின்னக் களங்களாகப் பிரித்து, ஒன்றில் புதிதாகக் கற்கும் பிகினர்களையும் இன்னொன்றில் கொஞ்சம் ஆடத் தெரிந்த இன்டர்மீடியட் ஆட்களையும் மேய்க்கிறவள், சனிக்கிழமை காலையில் மட்டும் இரண்டு கூட்டத்தையும் கலந்து ஜோடி சேர்த்துவிடுவாள், பிகினர் ருக்குமணிக்கு இன்டர்மீடியட் புருஷன் ஜோடியானது அப்படித்தான். எதிர்ப்பக்கம் நின்ற மூக்குக்கண்ணாடிக்கடை சுலைமான் பாய் சிரித்தார், அவருக்கு ஜோடியாக நின்ற பேங்க் அமுதாவும் சிரித்தாள், "அக்காவுக்குக் கிச்சனை உட்டுப் பிரிய மனசில்லீங்க" என்றாள், வலையை ஒட்டிய பட்டைக்கு இந்த ஆட்டத்தில் கிச்சன் என்று பேர். சிரிக்கட்டும். ருக்குமணியும் சிரித்துவைத்தாள், சிரித்துக்கொண்டே இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மூன்று விரலைக் காட்டினாள், மடக்கினாள், இரண்டு விரலைக் காட்டினாள், மடக்கினாள், கடைசியாக ஒரு விரல். காட்டிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பின்னாலிருந்து சத்தமே வரவில்லை.

சொல்லுங்க, சொல்லித் தொலைங்க, என்று மனசுக்குள் கெஞ்சினாள். நம் பாயிண்ட் மூன்று, அவர்கள் பாயிண்ட் இரண்டு, நம் இருவரில் முதல் ஆள் சர்வ் போடுகிறார், அதனால் ஒன்று, மூணு ரெண்டு ஒன்னு, இந்த மூன்றையும் உரக்கச் சொல்லாமல் பந்தைத் தொடக்கூடாது என்பது ஆட்டத்தின் சட்டம், பக்கத்தில் நிற்கிறவர் எடுத்துக்கொடுக்கக்கூடாது என்பது ஷெரின் சேர்த்த சட்டம், "சொந்த ஸ்கோரைச் சொந்த வாயால சொல்லத் தெரிஞ்சாத்தான் இன்டர்மீடியட், இல்லைன்னா பிகினர் கோர்ட்டுக்குத் திரும்பிப் போங்க" என்று எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் பேசுவாள், பெரியவர் சின்னவர் பார்க்க மாட்டாள். தண்டபாணிக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடித்திருந்தது. மில்லில் மெயின்டனன்ஸ் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆன மனுஷர், மெஷின் சத்தத்துக்கு மேலே குரலை எழுப்பியே பழகியவர், அவர் ஸ்கோர் சொன்னால் நாலாவது மாடி பால்கனியில் துணி காயப்போடுகிறவர்களுக்குக்கூட ஆட்டம் என்ன நிலைமையில் இருக்கிறதென்று தெரியும். அந்தக் குரல்தான் சில வாரமாக மூன்றாவது எண்ணில் வந்து நின்றுவிடுகிறது. முதலில் அந்த ஒரு எண் மட்டும்தான் காணாமல் போனது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏன் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள், இந்த ஆட்டத்தில் ஸ்கோரை மறக்காத ஆள் யார், சுலைமான் பாய் ஒரு சர்வ் போடுவதற்குள் மூன்று பேரைக் கேட்பார், அமுதா நாள் பூரா பேங்கில் எண்ணைக் கட்டி அழுகிறவள், அவளும் மறப்பாள், மறந்தால் நாலு பேர் சிரிப்பார்கள், ஆட்டம் நடக்கும். அவர் மறந்தபோதும் சிரித்தார்கள். ருக்குமணி மட்டும் அவர் விட்ட எண்ணை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை இரண்டாவது எண்ணும் போனது, அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாகத் தப்பான இடத்துக்கு நடந்து போனாள். முன்னால் நிற்கிற ஆள் முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டி ஜோடிக்குச் சைகை சொல்வது ஷெரின் இன்டர்மீடியட் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்த வித்தை, இடம் மாறுவதா வேண்டாமா என்று சொல்வதற்கு, அதை அடுத்த களத்திலிருந்து இவள் பார்த்துவைத்திருந்தாள். அதே வித்தையில் இப்போது அவருக்கு ஸ்கோர் ஊட்டுகிறாள். வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை, அவள் காட்டுவாள், அவர் பார்த்துச் சொல்வார், அவ்வளவுதான். பதிலுக்கு அவளுக்குக் கிடைத்தது, எத்தனை மாசமானாலும் நிற்கிற இடம் தெரியாத பொம்பளை என்கிற பேர். அவருக்கு அந்தப் பேர் வராமல் தனக்கு வந்ததே, அதில் அவளுக்குச் சந்தோஷம்தான்.

"மூணு," என்றார் தண்டபாணி பின்னாலிருந்து. அப்பாடா. விரலை மறுபடி காட்டினாள், இரண்டு, ஒன்று. "மூணு... மூணு," என்றார், சுலைமான் பாய் "நாங்க ரெண்டுதானுங்க சார், பாயிண்டைத் தானமாக் குடுக்கறீங்களா" என்று கேட்டார், இன்னொரு சிரிப்பு, சர்வ் போனது, திரும்பி வந்த பந்து அவள் காதோரம் விர்ரென்று போய்ப் பின்னால் விழுந்தது, அவர் அதை எடுத்த சத்தம் கேட்கவில்லை. போகட்டும். மாமியாருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் குழம்புக்கு உப்பு மறந்தது, அப்புறம் கிழமை மறந்தது, அப்புறம் ஒரு நாள் வாசலில் வந்து நின்ற சொந்தப் பிள்ளையைப் பார்த்து, "வாங்க தம்பி, யாரைப் பாக்கோணும்?" என்று மரியாதையாகக் கேட்டது, தண்டபாணி புழக்கடைக்குப் போய்த் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அந்தக் கிழவிக்குக் கடைசி வரைக்கும் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியது ருக்குமணிதான். அதனால் இந்த நோயின் முகம் அவளுக்குத் தெரியும், அம்மாவுக்கு இருந்தது பிள்ளைக்கு வந்திருக்கிறது, ரத்தத்தில் இருப்பது வராமலா போகும், வந்துவிட்டது என்று ஒரு தடவை வெளியே சொல்லிவிட்டால் போதும், அதற்கப்புறம் அவரை யாரும் சார் என்று கூப்பிடமாட்டார்கள், அவர் உட்கார்ந்திருக்கும்போதே அவரைப் பற்றிப் பேசுவார்கள், சாப்பிட்டாரா தூங்கினாரா என்று அவளைக் கேட்பார்கள். அதைத் தள்ளிப்போட முடிகிற மட்டும் தள்ளிப்போடுவது, முடியாத அன்றைக்குப் பார்த்துக்கொள்வது, இதுதான் அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட கதை. நல்ல கதைதான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் உதைத்தது. மாமியாருக்கு உப்பிலிருந்து பிள்ளையின் முகம் வரைக்கும் வருஷக்கணக்கில் ஆயிற்று, அது நத்தை வேகத்தில் வருகிற நோய், இவருக்கோ மாரியம்மன் நோன்பு வரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது, கோயிலில் நோன்புக் கம்பம் நட்ட அன்றைக்கு லைட் பில்லை அவரே போனில் கட்டினார், ஊரிலிருந்து வந்த அத்தனை சொந்தத்தையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார், அதற்குப் பிறகுதான், அதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான்... கேஸை அணைத்தோமா? அணைத்தோம். பால் பாத்திரத்தை மூடினோமா? மூடினோம்.

இப்போது அவள் முறை. பின்கோட்டுக்குப் போய் வாய்விட்டு ஸ்கோர் சொல்லி சர்வ் போட்டாள், ஓட்டை ஓட்டையாக இருக்கிற பிளாஸ்டிக் பந்து பேடில் மட்டையில் பட்டு டொக் என்றது. டொக், அந்தப் பக்கம், டொக், இந்தப் பக்கம். இந்தச் சத்தத்துக்காகத்தான் அவள் இந்த வகுப்பிலேயே சேர்ந்தாள், மூன்றாவது மாடியிலிருந்து கேட்கையில் யாரோ நாக்கைத் தட்டிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும், இப்போது ஒவ்வொரு டொக்கும் எலும்பில் போய்... வேண்டாம், பந்தைப் பார், பந்தை மட்டும் பார். சுலைமான் பாய் தண்டபாணியின் இடது பக்கத்துக்கு ஒரு பந்தைத் தட்டினார், மெதுவாக, எட்டி எடுக்கக்கூடிய தூரத்தில். தண்டபாணி அசையவில்லை. எடுக்க முடியாமல் போனால் ஒரு பதற்றமாவது இருக்கும், பேடிலாவது அந்தப் பக்கம் ஆடும், தலையாவது திரும்பும், இவரிடம் ஒன்றுமே இல்லை, இடது பக்கம் என்று ஒரு பக்கமே உலகத்தில் கிடையாது என்கிற மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். "உங்க பந்துங்க," என்றாள். "எங்கே?" என்றார். பந்து அவர் இடது ஷூவில் இடித்துக்கொண்டு கிடந்தது. சுலைமான் பாய் வலைக்கு வந்து குரலைத் தாழ்த்தி, "அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க, சாருக்கு இடது கண்ணுல புரை விழுந்திருக்கும் போல, அந்தப் பக்கம் வர்றதே தெரியல அவருக்கு. சாயங்காலம் கடைக்குக் கூட்டிட்டு வாங்க, செக் பண்ணிக்கலாம்," என்றார். கண்! ருக்குமணிக்கு அங்கேயே பாயின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கண்ணுதானா, இவ்வளவு நாளும் கண்ணுதானா, அடக் கடவுளே, ஊரில் யாருக்குத்தான் புரை விழவில்லை, ஒரு ஆபரேஷன், பச்சைத் துணி, கறுப்புக் கண்ணாடி, நாலு நாளைக்கு முகம் கழுவக்கூடாது, சொட்டு மருந்து அவளே விடுவாள், அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழிச்சாட்டியம் பண்ணுவார், எல்லாம் சரியாகிவிடும், விரல் சரியாகத் தெரிந்தால் ஸ்கோரும் சரியாக வரும். மூன்று பந்து வரைக்கும் அவள் சந்தோஷமாக இருந்தாள். நாலாவது பந்தின்போது, கண்ணில் புரை விழுந்தால் எண் எப்படி மறக்கும் என்று ஒரு கேள்வி வந்தது, அதற்குப் பின்னாலேயே காலையில் பார்த்த ஷூ வந்தது.

காலையில் கிளம்பும்போது வலது ஷூவுக்கு அழகாக முடிச்சுப் போட்டுவிட்டு, இடது ஷூவின் கயிறு தரையில் புரள எழுந்து நின்றார். "இதைக் கட்டலீங்களா?" என்றதற்கு, "கட்டிட்டேனே," என்றார். அவள் குனிந்து கட்டிவிட்டாள், கட்டும்போது அந்தக் கால் அது பாட்டுக்குக் கனத்துக் கிடந்தது, அவருடைய கால் இல்லை யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன கால் போல. முந்தாநாள் இடது கையில் பிடித்திருந்த டீ டம்ளர் சாய்ந்து சாய்ந்து மடியில் ஊற்றியது, சுடவில்லையா என்று இவள் ஓடி வந்தால், எது என்று கேட்டார். தலைவலி என்று தைலம் தேய்க்கிறார், வெயில் என்கிறார், இந்த மாசத்தில் ஏது வெயில், மருதமலை மேலே மூன்று நாளாக மேகம் உட்கார்ந்திருக்கிறது. தூக்கம் வேறு, என்ன தூக்கம் அது, தட்டில் கை வைத்தபடியே தூக்கம், நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது வார்த்தைக்குள் தூக்கம், நேற்று ராத்திரி அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டு இவள்தான் தூங்கவில்லை. வயசாச்சு, என்றாள் தனக்குள். வயசாச்சு, வயசாச்சு என்று ஜெபம் மாதிரி சொன்னாள். இந்தக் காலுக்கும் தலைவலிக்கும் அம்மாவின் மறதிக்கும் சம்பந்தமில்லை என்பது அவளுக்குத் தெரியாதா, தெரியும், கிழவி கடைசி நாள் வரைக்கும் திடமாகத்தான் நடந்தாள், வீட்டை விட்டு ஓடினவளைப் பிடிக்கத் தெருக்கோடி வரைக்கும் ஓட வேண்டியிருந்தது. தெரிந்தும் அந்த நோயையே ருக்குமணி கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள், ஏனென்றால் அது கடவுள் கொடுத்தது, ரத்தம் கொடுத்தது, மாமியார் கொடுத்தது, அவள் கொடுத்ததில்லை. அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோது டாக்டர் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார், ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை தர்றோம், இதைச் சாப்பிடறவர் கீழே விழுந்து தலையில அடிபட்டா, வெளிய காயமே இல்லைன்னாலும், நல்லாத்தான் இருக்கேன்னு அவரே சொன்னாலும் உடனே தூக்கிட்டு வந்துருங்க, உள்ள மெதுவாக் கசியும், வெளிய தெரியறதுக்கு வாரக்கணக்காகும். இரண்டு பேரும் பெரிதாகத் தலையாட்டினார்கள். அந்த மாத்திரையைத் தினம் காலைப் பலகாரத்துக்கு அப்புறம் அவள்தான் உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் ஒரு நாள் தவறாமல் கொடுத்திருக்கிறாள், இன்றைக்குக் காலையிலும் கொடுத்தாள், நல்ல பெண்டாட்டி. பந்து வருகிறது, பந்தைப் பார்.

அமுதா அந்தப் பந்தை உயரத் தூக்கி அடித்தாள். லாப். ஆள் முன்னால் வந்து நிற்கும்போது அவர் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் பின்னால் போடுகிற அடி, அழகான அடி, தண்டபாணியின் இடது தோளுக்கு மேலே போகிறது, சாம்பல் வானத்தில் மஞ்சளாக மேலே மேலே போகிறது, ருக்குமணியின் மனசு இத்தனை வாரமாக எந்த வாசலுக்கு வந்து வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்ததோ அந்த வாசலுக்குள் அவளை அந்தப் பந்து தள்ளிவிட்டுவிட்டது. அன்றைக்கும் இதே லாப்தான். அந்த வாரம்தான் ஷெரின் பிகினர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தாள், பேடிலைக் கீழே இருந்து தூக்குங்க ஆன்ட்டி, ஆளோட இடது தோளைக் குறி வையுங்க, கூடவே வாங்குகிறவர்களுக்குச் சொல்வதையும் சொன்னாள், லாப் வந்தா முகத்தை வெச்சுட்டுப் பின்னாடியே நடக்காதீங்க, திரும்பி ஓடுங்க, முடியலைன்னா விட்டுருங்க, பின்னாடி நடந்து விழுந்தீங்கன்னா நான் சேர்த்துக்க மாட்டேன், பிகினர் கோர்ட்டுதான். ஞாயிறு மத்தியானம் மைதானத்தில் ஈ காக்கை இல்லை, இவர்கள் இரண்டு பேர் மட்டும், அவர் "எங்கே, உன்ற வித்தையைக் காட்டு புள்ள" என்று சீண்டினார், இவள் தூக்கினாள், தூக்கின அந்த நொடியே தெரிந்துவிட்டது, சரியாகப் பட்டுவிட்டது, கல்யாணமான நாளாக அவர் தலைக்கு மேலே எதையும் செய்திராதவள் முதன்முதலாகச் செய்துவிட்டாள், அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் நடக்கிறார், ஒரு அடி, இன்னொரு அடி, இவள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு "என்ற பாயிண்டு! என்ற பாயிண்டு!" என்று கத்துகிறாள், அந்தக் கத்தலுக்கு நடுவில்தான் அந்தச் சத்தம் கேட்டது. அதை இன்ன சத்தம் என்று அவள் இதுவரை யோசித்ததில்லை. யோசித்தால் காலத்துக்கும் அது அந்தப் பேரோடு காதில் நிற்கும். ரத்தம் இல்லை, பின்மண்டையில் எலுமிச்சங்காய் அளவு ஒரு புடைப்பு, அவர் எழுந்து உட்கார்ந்து சிரித்தார், அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலை மேல் வைத்துக்கொண்டார். "என்ற தலை மேல சத்தியம் பண்ணு புள்ள. ஷெரினுக்குச் சொல்லக்கூடாது, கோகுலுக்குச் சொல்லக்கூடாது. ஷெரினு என்னையப் பிகினருக்குத் தாட்டி உட்டுருவா, உன்ற பையன் ஆட்டத்தையே நிறுத்திப்போடுவான்." அவள் உள்ளங்கைக்குக் கீழே அந்தப் புடைப்பு கதகதவென்று இருந்தது. சத்தியம் என்றாள். அவர் தலை மேல் அடித்த சத்தியம், மீறினால் அந்தத் தலைக்குத்தானே வரும், இப்படி நம்புகிறவளா என்று யாராவது கேட்டால் அவள் இல்லை என்றுதான் சொல்வாள், ஆனால் மகன் கோகுல் புனேயிலிருந்து பேசும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள், திறக்கும்போதெல்லாம் உள்ளங்கையில் அந்தச் சூடு ஏறியது, மூடிக்கொண்டாள்.

இப்போதும் அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தார். வலது கால் பின்னால் போனது, இடது கால் வரவில்லை. "விட்டுருங்க!" ருக்குமணி பேடிலை எங்கே போட்டாள் என்று தெரியாது, எப்படி ஓடினாள் என்றும் தெரியாது, அவர் முதுகுக்கும் தரைக்கும் நடுவில் போய் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள், அந்தக் கனத்துக்கு அவள் முழங்கால் மடங்கித் தரையில் இடித்தது, அவருடைய தலை அவள் கழுத்தில் வந்து சாய்ந்தது. தைல வாசனை. பந்து எங்கேயோ விழுந்து டொக் டொக்கென்று துள்ளி ஓய்ந்தது. "என்ன புள்ள, பாயிண்டு போச்சே," என்றார், குழறலாக, வாய்க்குள் ஏதோ உருண்டை இருப்பது போல. ஷெரின் ஓடி வந்தாள், அவரைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தாள், முகத்தைப் பார்த்தாள், அப்படிப் பார்க்கும்போதே அவளுடைய கோச் தோரணை எல்லாம் போய்விட்டது. "அங்கிள், ரெண்டு கையையும் நேரா முன்னாடி நீட்டுங்க." வலது கை நீண்டது. இடது கை பாதி வந்து, தயங்கி, தொடை மேல் இறங்கியது. அவர் இரண்டையும் நீட்டிவிட்டவர் மாதிரி திருப்தியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாய், காரை இங்கயே எடுத்துட்டு வந்துருங்க," என்றாள் ஷெரின் திரும்பாமலே, சுலைமான் பாய் ஓடினார், அமுதா தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் நின்றாள். "ஆன்ட்டி, மறைக்காமச் சொல்லுங்க. அங்கிள் சமீபத்துல எங்கயாச்சும் விழுந்தாரா? தலையில அடி ஏதாவது பட்டுச்சா? ஆஸ்பத்திரியில மொதல்ல அதைத்தான் கேப்பாங்க."

ருக்குமணியின் உள்ளங்கை சுட்டது. சொன்னால் இந்தத் தலைக்கு ஆகாது, சொல்லாவிட்டாலும் இந்தத் தலைக்கு ஆகாது, இரண்டு பக்கமும் ஒரே தலைதான். அவள் அவரைப் பார்த்தாள். கேட்டு வாங்கின சத்தியத்தை நீங்களே திருப்பி எடுத்துக்குங்க, கண்ணைக் காட்டினால் போதும், சொல்லிவிடுகிறேன், என்று கெஞ்சுகிற பார்வை. தண்டபாணி அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு ஷெரின் பக்கம் திரும்பினார். "இல்லையே அம்மிணி," என்றார். "நான் எங்கேயும் உளுகலையே." ஒரு நிமிஷம் ருக்குமணிக்குக் கோபம்தான் வந்தது, சாகிற நேரத்திலும் இந்த மனுஷனுக்கு இன்டர்மீடியட் கோர்ட்டா, என்று. அப்புறம்தான் உறைத்தது. அவர் பொய் சொன்னால் இப்படிச் சுருக்கமாகச் சொல்லமாட்டார், சிகரெட் பிடித்துவிட்டு வந்தால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் யார், அவன் ஊர் எது, என்ன பிராண்டு ஊதினான் என்பது வரைக்கும் நீட்டி முழக்குவார், அதை வைத்தே அவள் பிடித்துவிடுவாள். இது நீட்டலும் இல்லை முழக்கலும் இல்லை. உண்மையைச் சொல்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குள் இல்லை, விழுந்தது இல்லை, சிரித்தது இல்லை, அவள் கையை இழுத்துத் தலையில் வைத்துக்கொண்டது இல்லை. இத்தனை வாரமாக அவள் உயிரைப் பிடித்துக்கொண்டு காப்பாற்றிவந்த சத்தியத்தை வாங்கின ஆள் எப்போதோ போய்விட்டார், எந்த நாளில் போனார் என்றுகூட அவள் கவனிக்கவில்லை, ஸ்கோர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"உளுந்தாரு அம்மிணி," என்றாள். "நோம்பி கழிஞ்ச ஞாயித்துக்கெழமை. இங்கதான், இதே எடத்துலதான். நான் லாப் தூக்குனேன், பின்னாடியே நடந்து போயி மல்லாக்க உளுந்துட்டாரு. பின்மண்டையில அடி. ரத்தம் கட்டாம இருக்கற மாத்திரை திங்கறவரு. தினம் நான்தான் குடுத்தேன். இன்னிக்கும் குடுத்தேன்." ஷெரின் ஒரு திட்டுக்கூடத் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசிக்கொண்டே கேட்டைத் திறந்துவிடச் சொல்லி வாட்ச்மேனைப் பார்த்துக் கையை ஆட்டினாள். கார் பின்பக்கமாக ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. தண்டபாணி ருக்குமணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்ன அத்தனையையும் கவனமாகக் கேட்டிருந்தார், பக்கத்து வீட்டில் நடந்த ஒரு துக்கத்தைக் கேட்கிறவர் முகம், அந்த முகத்தில் அவ்வளவு இரக்கம்.

"பாவமே," என்றார். "அப்பறம் அந்த மனுசனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்களா?"

"இன்னும் இல்லீங்க," என்றாள் ருக்குமணி.

"அடடா," என்றார் தண்டபாணி. "அவனுக்கு ஊட்டுல யாருமே இல்லையா புள்ள?"